இல்லாத துளையும் இருக்கும் துளையும்

ஹிஜ்ரி 687, துல்கஃதா மாதம் 21ஆம் நாள், கி.பி. 1288 டிசம்பர் 17. ஏறத்தாழ எண்பது வயது நிரம்பிய ஒரு முதியவர் கெய்ரோவில் நோய்ப்படுக்கையில் கிடந்து அன்று காலமானார். அவர் எகிப்தின் தலைமை மருத்துவராக இருந்தவர். நோய் முற்றிய வேளையில் மருந்தாகச் சிறிது மது அருந்துமாறு சக மருத்துவர்கள் வேண்டியதாகவும், உடலில் மதுவைச் சுமந்துகொண்டு தம் இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லையென அவர் மறுத்துவிட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். தம் வீட்டையும் நூல்களையும், சுல்தான் கலாவூன் சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுப்பியிருந்த மன்சூரி மருத்துவமனைக்கே அவர் கொடுத்துச் சென்றார். அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குரஷீ என்பது அவருடைய பெயர். இப்னுன் நஃபீஸ் (ரஹ்) என்றால் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரியும் என்று எழுதிவிட்டேன். பெயர் தெரியும் என்பதே சரி. மீலாது மேடைகளிலும் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் அப்பெயர் ஒலிக்கிறது. இரத்த ஓட்டத்தை ஹார்விக்கு முன்பே நம்மவர் கண்டறிந்தார் என்ற ஒரு வாக்கியத்தோடு கைதட்டலும் எழுந்து, பேச்சும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அவர் சொன்னது யாது, சொல்லாமல் விட்டது யாது, அவர் கைவைத்த இடத்திலிருந்து அந்த ஆராய்ச்சி எங்கெங்கே சென்று இன்று எங்கே நிற்கிறது என்பதை விசாரிப்பவர் குறைவு. அது இன்று வந்து நிற்கும் இடம் ஒரு நோய். நுரையீரலுக்குள் இரத்த அழுத்தம் உயர்ந்துவிடும் நோய்.

அவர் எதிர்த்தது ஒரு துளையை. ‘ஜாலீனூஸ்’ என்று அரபு நூல்கள் அழைக்கும் கேலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு கொள்கையை நிறுவிச் சென்றிருந்தார். இதயத்தின் வலக் கீழறைக்கு வரும் இரத்தம், இரு கீழறைகளுக்கும் நடுவேயுள்ள சுவரின் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் வழியாக இடக் கீழறைக்குக் கசிகிறது என்பது அக்கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதை மறுத்தவர் இலர். இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ போன்ற பெருநூலும் இந்த மரபிலேயே நின்றது.

நூருத்தீன் ஸங்கீ 1154இல் டமாஸ்கஸில் கட்டிய நூரி மருத்துவமனையில், தக்வார் என்னும் பேராசிரியரிடம் பயின்றவர் இப்னுன் நஃபீஸ். பின்னர் கெய்ரோ சென்று மருத்துவம் பார்த்ததோடு, மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் போதித்தார். முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், 1242இல், ‘கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு விளக்கவுரை’ என்ற நூலை அவர் எழுதி முடித்தார். இப்னு சீனாவுக்கு உரை எழுத வந்தவர், உரையாசிரியருக்குரிய பணிவோடு தொடங்கி, இந்த இடத்தில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அந்தச் சுவர் கெட்டியானது. சிலர் எண்ணியதுபோல் அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, ஜாலீனூஸ் எண்ணியதுபோல் தெரியாத துளையும் இல்லை. ஆகவே வலக் கீழறையின் இரத்தம் நுரையீரலுக்குப் போயாக வேண்டும். அங்கே பரவிக் காற்றோடு கலந்து, பிறகு இடப்பக்கம் வந்துசேர வேண்டும். இதுவே அவர் கூற்றின் சாரம். நுரையீரலுக்குள் போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் இடையே நுண்வழிகள் உண்டென்றும் எழுதினார். 1661இல் மால்பீகி, தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து அந்த நுண்வழிகளைக் கண்ணால் கண்டார்.

ஷரீஅத்தும் தம் இயல்பான இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதினின்று தம்மைத் தடுத்தன என்று அதே நூலில் அவர் குறிப்பிடுகிறார். அறுத்துப் பாராமல் இதை எப்படி அறிந்தார் என்று ஆய்வாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். எனக்கு அது பெரிய புதிராகத் தோன்றவில்லை. குர்பானி ஆட்டின் இதயத்தை அரிந்த நம் வீட்டுப் பெண்களுக்கும் அந்தச் சுவரின் தடிப்புத் தெரியும். அதைக் கண்ட பிறகும் ஜாலீனூஸ் சொல்லிவிட்டாரே என்று அடங்கிப் போகாத மனம்தான் அரிது.

அதே சமயம், உடல் முழுவதையும் இரத்தம் சுற்றி வருவதை அவர் சொல்லவில்லை. 1628இல் அதைச் சொன்ன பெருமை ஹார்விக்கே உரியது. நுரையீரலில் இரத்தமும் காற்றும் கலப்பதால் ரூஹ் உருவாகிறது என்ற பழைய எண்ணத்தையும் அவர் கைவிட்டாரில்லை. ஐரோப்பாவில் செர்வீட்டஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் நுரையீரல் வழியை எழுதினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1547இல், இப்னுன் நஃபீஸின் விளக்கவுரையில் வேறொரு பகுதி, அல்பாகோ என்பவரின் லத்தீன் மொழிபெயர்ப்பாக வெனிஸில் அச்சாகியிருந்தது. இதிலிருந்து களவு வழக்குத் தொடுக்கச் சிலர் ஆசைப்படுகின்றனர். இதயத்தைப் பற்றிய பகுதி அந்த அச்சில் இல்லை. சான்று கைக்கு வராத வரையில் வழக்கு வேண்டாம்.

நூல் நம்மிடமே மறந்து போயிற்று என்பதுதான் நோவு. 1924இல் முஹ்யித்தீன் தத்தாவி என்னும் எகிப்திய இளம் மருத்துவர், பெர்லின் நூலகத்தில் அக்கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்து, ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்தார். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மன் கண் மருத்துவர் மாக்ஸ் மேயர்ஹோஃப் அதைச் சரிபார்த்து 1930களில் உலகறியச் செய்தார். ஃப்ரைபுர்க் என்ற ஊர்ப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் அது மீண்டும் வரும்.

இல்லையென்று அவர் மறுத்த துளை சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உண்டு. கீழறைகளின் நடுச்சுவர் முழுமையாக மூடாமல் பிறக்கும் குழந்தைகள் அவை. அங்கேயும் கேலன் சொன்ன திசையில் இரத்தம் போவதில்லை. அழுத்தம் மிகுந்த இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் பாய்ந்து, நுரையீரலை வெள்ளமாக நிறைக்கிறது. துளை பெரிதாயிருந்து, மூடப்படாமல் ஆண்டுகள் கடந்தால், அந்த வெள்ளத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரல் தமனிகள் தடித்துச் சுருங்குகின்றன. ஒரு கட்டத்தில் நுரையீரலின் அழுத்தம் உடலின் அழுத்தத்தையும் விஞ்சி, இரத்தம் திசைமாறி, உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. வியன்னா மருத்துவர் ஐசன்மெங்கர் 1897இல் இதை விவரித்தார். அந்நிலை வந்த பிறகு துளையை மூடினால் உயிருக்கே ஆபத்து. முன்னமே மூடியிருந்தால் பிழைத்திருக்கும் பிள்ளை அது.

நுரையீரலின் அழுத்தம் என்றேன். கையில் பட்டையைச் சுற்றி அளப்பது உடலின் அழுத்தம். அதன் சராசரி பாதரச அளவையில் 90 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தமோ 14 மில்லிமீட்டர்தான். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம், உடலெங்கும் போகும் அதே அளவு, இவ்வளவு மெல்லிய தள்ளலில் நுரையீரலைக் கடந்து விடுகிறது. அதனால்தான் வலக் கீழறையின் வெளிச்சுவர் மெலிதாக இருக்கிறது. அந்த மெலிந்த அறையை நாள்தோறும் பாரம் இழுக்க வைத்தால் அது வீங்கித் தளர்ந்து ஒருநாள் ஓய்ந்துவிடும்.

இந்த அழுத்தம் மார்புக்கூட்டுக்குள் ஒளிந்திருப்பது. வெளியிலிருந்து பட்டை சுற்றி அளக்க முடியாதது. அளக்கும் வழியைத் திறந்தவர் ஒரு துணிச்சல்காரர். 1929இல் எபர்ஸ்வால்டே என்னும் சிறு ஜெர்மன் நகரில், ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரியின் தடையை மீறித் தம் கை நரம்பைக் கீறி, மெல்லிய இரப்பர்க் குழாயை இதயம் வரை செலுத்தினார். பிறகு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமும் எடுத்துக்கொண்டார். கிடைத்த பரிசு கண்டனம். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் கூர்நாண், ரிச்சர்ட்ஸ் இருவரும் 1940களில் அம்முறையைச் செப்பம் செய்து நுரையீரல் தமனி வரை கொண்டு சென்ற பின்னர், 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. அளவு தெரிந்ததும் நோய்க்கு எல்லையும் வகுக்க முடிந்தது. நெடுங்காலம் 25 மில்லிமீட்டர் என்றிருந்த அந்த எல்லை, 2018இல் நீஸ் நகரில் கூடிய வல்லுநர்களால் 20க்கு மேல் என்று இறக்கப்பட்டது.

அழுத்தம் ஏன் உயர்கிறது? இதற்கான முதல் தடயம் பூனைகளிடம் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் 1946இல் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் ஆகிய இருவரும் பூனைகளுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறியது. உடலின் பிற தமனிகள் ஆக்சிஜன் குறைந்தால் விரியும். நுரையீரல் தமனிகள் சுருங்குகின்றன. காற்று வராத மூலைக்கு இரத்தத்தை அனுப்பி வீணாக்காமல், காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இது. வாய்க்காலின் மடையை அடைத்து வேறு வயலுக்கு நீர் பாய்ச்சுவதை ஒக்கும். தாயின் கருவிலிருக்கும் சிசுவுக்கு நுரையீரலில் வேலை இல்லை. அங்கே இக்குழாய்கள் சுருங்கியே கிடக்கும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அவை விரிகின்றன. வல்ல இறைவனின் இந்த ஏற்பாட்டில், மலைமீது ஏறி வாழ்வோருக்கு நுரையீரல் முழுவதுமே சுருங்குவதால் அழுத்தம் உயர்கிறது. சிலருக்கோ, சமவெளியில் நல்ல காற்றில் வாழும்போதும், காரணமே இன்றி மடைகள் அடைந்துகொள்கின்றன.

மடையை அடைப்பது யார்? விடைக்கு நாம் வேறொரு திசையில் சற்று நடக்க வேண்டும்.

1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்து ஆராய்ந்துவந்தார். இதயம் நெடுநேரம் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, உப்பைக் கரைத்த நீர் காய்ச்சி வடித்த நீரன்று, குழாய் நீர் என்பது. வடித்த நீரில் செய்தபோது துடிப்பு விரைவில் நின்றது. குழாய் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தே, அதாவது கால்சியமே, தசையைச் சுருங்கச் செய்கிறது என்று அவர் தெளிந்தார். அறிவியல் வரலாற்றில் உதவியாளரின் கவனக்குறைவுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

கால்சியம் தசைக்குள் நுழைவதைத் தடுத்தால்? 1964ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெராபமில் முதலிய மருந்துகள் இதயத் தசையில் கால்சியம் இல்லாத நிலையைப் போன்ற விளைவைத் தருவதை ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் என்னும் உடலியல் பேராசிரியர் கண்டார். அவர் பணிபுரிந்த இடம் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகம். இப்னுன் நஃபீஸ் மறதியிலிருந்து எழுந்துவந்த அதே இடம். தத்தாவியின் ஆய்வேட்டுக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை, தற்செயல்தான். ஆயினும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

கால்சியம் நுழையும் வாயில் எப்படிப்பட்டது என்பதைக் காண 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நேஹர், ஸாக்மான் இருவரும், முனை மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைத் தவளைத் தசையணுவின் மேற்படலத்தில் பதித்து, ஒற்றைத் துளை ஒன்று திறந்து மூடும்போது பாயும் மின்னோட்டத்தை அளந்தனர். 1991இல் நோபல் பரிசு பெற்றனர். உயிரணுவின் சுவரில் துளைகள் உண்டு. மின்னேற்றம் பெற்ற அணுக்களாகிய அயனிகள் அவற்றின் வழியே போகின்றன. ஒவ்வொரு துளையும் பெரும்பாலும் தனக்குரிய அயனியை மட்டும் விடும். அதற்குக் கதவும் உண்டு. அயனி வாய்க்கால்கள் என்று இவற்றைச் சொல்லலாம். இதயச் சுவரில் கேலன் தேடிய கண்காணாத் துளை அங்கே இல்லை. வேறெங்கோ, உயிரணு ஒவ்வொன்றிலும், அவர் கனவிலும் எண்ணாத வேலையைச் செய்துகொண்டு கண்காணாத் துளைகள் இருந்தன.

நுரையீரல் தமனியின் சுவரில் மென்தசை அணுக்கள் வளையமாக அமைந்திருக்கின்றன. அணுவுக்குள் பொட்டாசியம் மிகுதி. வெளியே அதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உண்டு. கால்சியத்தின் கதை தலைகீழ். வெளியே மிகுதி, உள்ளே பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பொட்டாசிய வாய்க்கால்கள் திறந்திருக்கும்போது பொட்டாசியம் நேர்மின்னேற்றத்தைச் சுமந்து வெளியே கசிகிறது. அதனால் அணுவின் உட்புறம் எதிர்மின்னேற்றத்தில் நிற்கிறது. அந்நிலையில் கால்சியக் கதவுகள் மூடிக்கிடக்கும். தசை தளர்ந்து குழாய் விரிந்திருக்கும். பொட்டாசிய வாய்க்கால் மூடிவிட்டால் உள்ளே நேர்மின்னேற்றம் தேங்கும். அந்த மாற்றத்தை உணர்ந்து கால்சியக் கதவு திறக்கும். கால்சியம் உட்புகும்; தசை இறுகும்; குழாய் சுருங்கும்.

1992இல் அமெரிக்காவில் போஸ்ட், ஹ்யூம், ஆர்ச்சர், வெயர் என்போர் நாயின் நுரையீரல் தமனித் தசையணுக்களை ஆராய்ந்து, ஆக்சிஜன் குறைந்ததும் பொட்டாசிய வாய்க்கால் அடைபடுவதைக் காட்டினர். ஸ்டாக்ஹோம் பூனைகள் எழுப்பிய கேள்விக்கு 46 ஆண்டுகள் கழித்து இவ்வாறு ஒரு விடை வந்தது. அதுவே முழு விடை என்று கொள்ளக்கூடாது. அணுவின் உட்சேமிப்பிலிருந்தும் கால்சியம் வெளிப்படுகிறது, வேறு வழிகளும் உண்டு. 1998இல், காரணம் தெரியாத நுரையீரல் அழுத்த நோயால் வருந்தியவர்களின் தமனியணுக்களிலும் இவ்வாய்க்கால்கள் செயல் குன்றியிருப்பது தெரியவந்தது. பொட்டாசியம் வெளியேறாமல் உள்ளே தேங்கினால் இன்னொரு தீங்கும் நேர்கிறது. உரிய காலத்தில் மடிய வேண்டிய அணுக்கள் மடியாமல் பெருகுகின்றன. குழாயின் சுவர் தடிக்கிறது. முதலில் சுருக்கமாயிருந்தது பின்னர் நிரந்தர அடைப்பாகிறது.

இடையில் ஒரு துயரக் கதை நடந்து முடிந்திருந்தது. 1965இல் சுவிட்சர்லாந்தில் ‘மெனோசில்’ என்ற பெயரில் பசியடக்கும் மாத்திரை ஒன்று விற்பனைக்கு வந்தது. அமினோரெக்ஸ் என்பது அம்மருந்து. ஆஸ்திரியாவிலும் மேற்கு ஜெர்மனியிலும் அது விற்கப்பட்டது. உடல் மெலிய விரும்பியோர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கி விழுங்கினர். 1967இல் பெர்ன் நகர மருத்துவர்கள் திகைத்தனர். எப்போதோ ஒருவருக்கு வரும் நோய் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, மயக்கம், கால்வீக்கம். குழாய் செலுத்திப் பார்த்தால் நுரையீரல் தமனியில் பேரழுத்தம். 1968இல் மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. பலருக்கு அது காலம் கடந்த செயல்.

உலகம் பாடம் கற்றதா? ஃபென்ஃப்ளூரமின், டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமின் என்று அதே பசியடக்கும் வகையில் வேறு மருந்துகள் வந்தன. மூன்று மாதத்துக்கு மேல் இத்தகைய மருந்துகளை உட்கொள்வோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இருபது மடங்குக்கும் மேல் உயர்வதை 1996இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதே 1996இல்தான் டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினுக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியிருந்தது. இதய வால்வுகளும் கெடுவது தெரிந்த பிறகு 1997 செப்டம்பரில் இரண்டும் அங்கே கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. இவையும் அமினோரெக்ஸும் எலியின் நுரையீரல் தமனியணுக்களில் பொட்டாசிய வாய்க்காலை அடைக்கின்றன என்று வெயர் குழுவினர் 1996இல் கண்டறிந்து வெளியிட்டனர். பெர்னில் மூச்சுக்குத் தவித்த பெண்களின் நெஞ்சுக்குள் நடந்தது யாது என்பதற்கு ஏறத்தாழ முப்பதாண்டு தாமதமாக ஒரு விளக்கம். மெலிவதற்கென்று யாரோ சொன்ன மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கும் வழக்கம் நம் வீடுகளிலும் புகுந்திருப்பதால் இதை விரித்து எழுதினேன்.

கால்சியக் கதவை மூடும் மருந்து இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். 1992இல் ஸ்டூவர்ட் ரிச் குழுவினர் 64 நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துக் கணக்கை வெளியிட்டனர். 17 பேருக்கு அழுத்தம் இறங்கியது. அந்தப் பதினேழு பேரில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தனர். மரணத் தீர்ப்பாகக் கருதப்பட்ட நோயில் இது பெரிய செய்தி. ஆனால் 2005இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 557 பேரின் கணக்கை எடுத்தபோது, முதற்சோதனையில் இறங்குமுகம் காட்டியவர் 70 பேர். நெடுங்காலம் பயனடைந்தவர் 38 பேர். மற்றவர்களின் தமனிச் சுவர் சுருக்கத்தைத் தாண்டித் தடித்துப் போயிருந்தது. அவர்களுக்கு இம்மருந்து தீங்கே செய்யும். உடலின் அழுத்தத்தை வீழ்த்தி இதயத்தைத் தளர்த்திவிடும். ஆதலால் குழாய் செலுத்திச் சோதித்துப் பாராமல் இந்நோய்க்கு இதைக் கொடுப்பதில்லை. சாதாரண இரத்தக் கொதிப்புக்குப் பக்கத்து வீட்டில் சாப்பிடும் மாத்திரைதானே என்று கடன் வாங்கிக் கொடுப்போர் இதைக் கவனிக்க வேண்டும். 1995க்குப் பிறகு வேறு வழிகளில் குழாயை விரிக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 2024இல், தடிப்பையே எதிர்க்கும் நோக்குடைய ஸொடாடெர்செப்ட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றின் விலையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

மருந்து எதுவாயினும் நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட வேண்டும். இளம்பெண் ஒருத்தி இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கினால், சோகை என்பார்கள், பிள்ளை பெற்ற பலவீனம் என்பார்கள், மனக்கவலை என்று சொல்பவரும் உண்டு. மூச்சிரைப்புத் தொடங்கியதற்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிடுவது மேலைநாடுகளிலேயே வழக்கமாயிருக்கிறது. நோயை ஐயுறுவதற்கு இன்று கையைக் கீறத் தேவையில்லை. ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ சோதனை போதும். உறுதி செய்வதற்கே ஃபோர்ஸ்மானின் குழாய் வேண்டும்.

இந்நோய் சில குடும்பங்களில் தலைமுறையாக வருவதுண்டு. 2000ஆம் ஆண்டில் பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவின் பழுது அத்தகைய பல குடும்பங்களில் கண்டறியப்பட்டது. அந்தப் பழுது இல்லாத குடும்பங்களும் இருந்தன. அத்தகைய குடும்பம் ஒன்றை ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தார், நோயுற்றவர்களிடம் கே.சி.என்.கே.3 என்னும் மரபணு மாறியிருப்பதை 2013இல் வெளியிட்டனர். அது ஒரு பொட்டாசிய வாய்க்காலை அமைக்கும் மரபணு. இந்நோயில் ஒரு துளையின் பழுதையே நேரடிக் காரணமாகச் சுட்டிக்காட்ட முடிந்தது அதுவே முதல் முறை. வேறு நோயாளிகளிடமும் தேடி, மொத்தம் ஆறு வகை மாற்றங்களை அவர்கள் கண்டனர். எல்லாவற்றிலும் வாய்க்கால் வழியே பாயும் மின்னோட்டம் குன்றியிருந்தது. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில், ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தபோது, அவற்றுள் சில வாய்க்கால்கள் மீண்டும் திறந்தன. அந்தப் பொருள் இன்னும் நோயாளியின் படுக்கையருகே வந்து சேரவில்லை.